மாவளி சுற்றினேன், பொறியே வரவில்லை. எங்கே தப்பு?

ஏரிக்கரை:

போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மகளுக்காக மாவளி (பனம்பூக் கரித்தூளைத் துணியில் சுருட்டிக் கட்டி, பற்றவைத்துக் கயிற்றில் சுற்றுவது) செய்தேன். மானம் போனதுதான் மிச்சம்.

சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டம் மயிலத்துக்குப் பக்கம். இப்போது சென்னையில் அடுக்குமாடி வீடு. சின்ன வயதில் அப்பா கட்டிக் கொடுப்பார். ஏரிக்கரையில் வரிசையாக நின்று "மாவளியோ மாவளி" என்று கத்திக்கொண்டே சுற்றுவோம். வேகம் கூடக் கூட நெருப்பு வட்டத்திலிருந்து பொறி கொட்டும். சட்டையில் ஓட்டை விழுந்து அம்மாவிடம் அடி வாங்கியது தனிக் கதை. அப்பா செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஆனால் எதையும் கவனித்ததில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

ஊருக்குப் போய்ப் பனம்பூ பொறுக்கி வரலாம் என்றுதான் இருந்தேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. ஊர் தண்ணீரில் நிற்கும்போது பனம்பூ கிடைக்குமா என்று யாரிடம் கேட்பது? கடையில் அடுப்புக்கரி வாங்கி மிக்சியில் அரைத்தேன் (அந்த ஜாரைப் பற்றி இங்கே பேச வேண்டாம்). பழைய துணியில் சுருட்டி, மூன்று மரக்குச்சிகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, மொட்டை மாடியில் சுற்றினேன். கொஞ்சம் புகைந்தது, அவ்வளவுதான். மகள் கேட்டாள்: "அப்பா, இது மாவளியா, கொசுவத்தியா?"

இந்த வருஷம் (2025) தீபம் டிசம்பர் 3. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மாவளி சுற்றினால் மழை போய்விடும் என்று அத்தை சொல்வார். அது எதனால்?

செஞ்சிக்காரன்:

தம்பி, கரியில்தான் கோளாறு. அடுப்புக்கரி மரக்கரி. அது கனலும், பொறி விடாது. ஆண் பனையின் பூக்கதிர்தான் வேண்டும். அலகுப்பனை என்போமே, காய்க்காத மரம், அதனடியில் விரல் விரலாக, பழுப்பாக உதிர்ந்து கிடக்கும். கோடையிலேயே பொறுக்கிப் பரணில் போட்டு வைப்பார்கள். கார்த்திகையில் தேடினால் ஈரமாகத்தான் கிடைக்கும். அப்படிக் கிடைத்தாலும் நொறுங்கும் அளவுக்குக் காய வையுங்கள்.

முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. பூவைப் போட்டுக் கொளுத்தி, எல்லாம் பற்றியதும், சாம்பலாவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். முழுக்க இதில்தான் சூட்சுமம். சீக்கிரம் மூடினால் பாதி பூவாகவே இருக்கும், தாமதித்தால் கையில் சாம்பல். எங்கள் தாத்தா இந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். நாங்கள் கிட்டே நின்று பேசினால்கூடத் திட்டுவார். மறுநாள் எடுத்து அம்மியில் மைபோல அரைத்து, துணியில் சலிக்க வேண்டும்.

துணி பருத்தியாக இருக்கட்டும், பழைய வேட்டி நல்லது. நைலான் கலந்தால் உருகிச் சொட்டும், குழந்தை கையில் விழும். கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் இறுக்கிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகக் கட்டுங்கள். தளர்ந்தால் தூளெல்லாம் ஒரே வீச்சில் கொட்டிவிடும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் இதை வைத்துக் கட்டி, மட்டையில் கயிறு கோத்துவிடலாம். உங்கள் குச்சி காய்ந்த குச்சி, திரிக்கு முன்னால் அதுவே எரியும். நுனியில் தணல் வைத்து ஊதி, நன்றாகக் கனன்ற பிறகு சுற்றுங்கள். வைக்கோல் போர் பக்கம் மட்டும் போகாதீர்கள். சென்னையில் அந்தக் கவலை இல்லை.

முத்துநகர்:

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மாவளி அவ்வளவாகக் கிடையாது, சொக்கப்பனைதான். கோவில் முன்னால் பனைமரத்தை நட்டு ஓலையைச் சுற்றிக் கொளுத்துவார்கள். வீட்டில் குருத்தோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை. அன்றைக்குப் பனைக்குத்தான் மவுசு.

மழை போகும் கதையை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். "கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்று ஆச்சியும் சொல்லிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பர் 17, மார்கழி ஒன்றாம் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கார்த்திகை முடிந்த மறுநாள்! நாங்கள் மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு ஆச்சி அந்தப் பழமொழியை எடுப்பதில்லை.

செஞ்சிக்காரன்:

அக்கா சொல்வது சரி. ஆனால் பழமொழியில் வருவது மாதம், தீபநாள் இல்லை. ஐப்பசி, கார்த்திகைதான் வடகிழக்குப் பருவமழையின் உச்சம், பிறகு குறையும். 2023இல் வந்தது அந்தக் கணக்கில் அடங்காத மழை. மாவளி சுற்றினால் மழை போகும் என்பதைவிட, மழை விட்டால்தான் மாவளி சுற்ற முடியும் என்று சொல்லலாம்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் கார்த்திகை தீபம் என்று பெரிதாகச் சொல்வதில்லை, விளக்கீடுதான். சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்திலும் இந்தச் சொல்லே வருகிறது. படலை (வேலிக் கதவு) வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் விளக்கு வைப்போம். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சின்னப் பந்தங்களைக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் குத்துவோம். காற்றுக்கு அணைய அணைய ஓடி ஓடிக் கொளுத்துவதுதான் பிள்ளைகளின் வேலை.

மாவளி என்ற பேர் மாவலிச் சக்கரவர்த்தியைக் குறிக்கும் என்பார்கள். வேதாரண்யம் கோவிலில் அணையப் போன தீபத்தை மூக்கால் தூண்டிவிட்ட எலிதான் மறுபிறவியில் மாவலி ஆனதாம். அப்பர் பாட்டிலும் அந்த எலி உண்டு. நெய் குடிக்க வந்த எலி மூக்கைச் சுட்டுக்கொண்டது, அதற்குக் கிடைத்தது மூவுலகம். எனக்கு மிகவும் பிடித்த எலி.

ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் கேட்டேன். ஏரிக்கரையில் இப்போது நாலு பனைதான் மிச்சமாம், அதில் இரண்டு ஆண். ஒரு சாக்குப் பூவைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். நனைந்துதான் வந்தது. மொட்டை மாடியில் பரப்பியிருக்கிறேன். மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா அதைப் பாம்பென்று நினைத்து அலறி, குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரை விஷயம் போய்விட்டது. மகளுக்கு ஏக சந்தோஷம்.

ஒரு சந்தேகம். இங்கே குழி தோண்ட மண் கிடையாது. என்ன செய்வது?

செஞ்சிக்காரன்:

மூடி உள்ள பழைய தகர டப்பா போதும். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். பூவை அடைத்து, வெட்டவெளியில் விறகுத் தீயின் மேல் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும், சித்தப்பா அனுப்பிய சாக்கு அங்கேயே சாம்பல்.