அயர்ன் மெய்டன் கேட்பதும் வாசிப்பதும்: புதுச்சேரி, கடலூர் பக்கத்து அனுபவங்கள்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

முத்தியால்பேட்டை

இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1980-இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி வரிசையாகப் போவார்கள். தப்பில்லை. ஆனால் மூன்றாவது ஆல்பத்தில் பாடகர் மாறியிருப்பார், நான்காவதில் டிரம்மர் மாறியிருப்பார், இதில் எது இவர்களுடைய சத்தம் என்று பிடிபடாது. நான் சொல்வது 1985-இல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்'. முதல் ஐந்து ஆல்பத்துப் பாட்டுகளையும் ஒரே கூட்டணி வாசிக்கிறது. ரெக்கார்டின் முதல் மூன்று பக்கம் 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. நான்காம் பக்கம் 1984 அக்டோபரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில். முதலில் வந்த ஒற்றை சிடியில் நான்காம் பக்கம் கிடையாது, 1998-இல் இரட்டை சிடியாக வந்தபோதுதான் சேர்ந்தது. பழைய சிடி கைக்கு வந்தால் கடைசிப் பாட்டைப் பாருங்கள். 'பேண்டம் ஆஃப் தி ஓபரா'வில் முடிந்தால் முழுசு.

அதைக் கேட்ட கையோடு 'பவர்ஸ்லேவ்' (1984) எடுங்கள். கடைசிப் பாட்டு பதிமூன்று நிமிடத்துக்கு மேல், ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையை வைத்து எழுதியது. பாதியில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் மெதுவாக நகர, பின்னால் மரம் கிறீச் கிறீச்சென்று முனகும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ராத்திரி ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்ட படகுகள் உரசுகிற அதே ஓசை. போன் ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது, ஹெட்போன் வேண்டும்.

பதிப்பு விஷயம். பழைய ஆல்பங்களின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்ட 1998 ரீமாஸ்டர்களில் சத்தத்தை ஏற்றி அமுக்கியிருக்கிறார்கள். சிம்பல் ஒரு தகர டப்பா மாதிரி காதைக் குத்தும். 2015-இல் டிஜிட்டலுக்காக மறுபடி செய்தது எவ்வளவோ தேவலை, 2018-க்குப் பிறகு வந்த அட்டை உறை சிடிகளிலும் அதுதான். 2006-இல் வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' மாஸ்டரிங்கே (கடைசியாக ஒலியைச் சரிக்கட்டும் வேலை) செய்யாமல் வெளியானது, குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் அப்படித்தான் வேண்டும் என்றார். அது அடங்கி ஒலிக்கிற மாதிரி தோன்றினால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள், வால்யூமை மட்டும் ஏற்றுங்கள். 2022-இல் வந்த 'நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' நாற்பதாம் ஆண்டு ரெக்கார்டில் 'கேங்லேண்ட்' இருக்காது, அந்த இடத்தில் 'டோட்டல் எக்லிப்ஸ்' இருக்கும். பிரஸ்ஸிங் கோளாறு என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

1990-இல் வந்த ஆல்பம் ஏன் வறண்டு கிடக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹாரிஸ் வீட்டுக் களஞ்சியத்தில், வண்டியில் கொண்டுவந்த ஸ்டூடியோவை வைத்துப் பதிந்தது அது. 1983, 84-இல் பஹாமாஸ் ஸ்டூடியோவில் பதிந்ததோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் டிரம் சத்தத்திலேயே இடத்தின் வித்தியாசம் தெரியும். 2000-இல் பாடகர் டிக்கின்சனும் கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்து பதித்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' பாரிசில் செய்தது. (பாரிஸ் என்றால் நம்ம ஊரில் ஒரு தலையாட்டல் கூடுதலாக விழும்.) மூன்று கிட்டார் அங்கேதான் தொடங்குகிறது.

டிக்கின்சன் இல்லாத நாளில் பிளேஸ் பெய்லி பாடிய 1995, 1998 ஆல்பங்களை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் கீழ் ஸ்தாயிக் குரல்காரர். 1995 ஆல்பம் அந்தக் குரலுக்கு என்றே எழுதியது, கனம் நிற்கிறது. மேடையில் டிக்கின்சன் பாட்டை அதே சுருதியில் பாட வைத்ததுதான் வினை. சுருதியை இறக்கியிருந்தால் பேச்சே வேறு.

மஞ்சக்குப்பம் பேஸ்

ஆல்பத்தை அண்ணன் முடித்துவிட்டார், நான் விரலுக்கு வருகிறேன். மெய்டன் வாசிக்கிறேன் என்று வருகிற பத்தில் எட்டுப் பேர் செய்கிற தப்பு ஒன்றே: 'தாகிட' வாசிக்க வேண்டிய இடத்தில் 'தகிட' வாசிக்கிறார்கள். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை. 'தா' இரண்டு, 'கி' ஒன்று, 'ட' ஒன்று. குதிரைப் பாய்ச்சல் என்று சொல்கிறார்களே, அது இதுதான். மூன்றையும் சமமாகப் பிரித்தால் திஸ்ரமாகிவிடும், குதிரை நொண்டும். முதலில் வாயால் சொல்லுங்கள், காலால் தட்டுங்கள், அப்புறம் கம்பியைத் தொடுங்கள்.

ஹாரிஸ் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் துண்டு) வைத்து வாசிப்பதில்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு தட்டு ஆள்காட்டியில் தொடங்கும், அடுத்த தட்டு நடுவிரலில். இந்த மாற்றத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு 'தா'வையும் ஒரே விரலில் போட்டால் அந்த விரல் இரண்டு நிமிடத்தில் மரத்துவிடும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள், பத்து நிமிடம், ஒற்றை E கம்பியில். சுத்தமாக வந்தால் மறுநாள் 84. முன்கை எரிந்தால் நிறுத்திவிடுங்கள், வீம்பு வேண்டாம். 'ட்ரூப்பர்' பாட்டு ஸ்டூடியோ பதிவில் நிமிடத்துக்கு 160 தட்டுப் பக்கம் ஓடுகிறது. அதாவது நொடிக்கு எட்டு அடி. மேடைப் பதிவில் அதைவிட வேகம்.

கம்பி: ரோட்டோசவுண்டில் அவர் பெயரிலேயே வரும் எஸ்எச்77, தட்டைச் சுற்று, தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 50-75-95-110. சாதாரண 45-105 போட்டிருந்த கிட்டாரில் இதை மாட்டினால் இழுவை கூடும், கழுத்து முன்னால் வளையும். ஒரு கம்பியைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள், நாலையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். மாட்டி ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் முதலாவதையும் கடைசியையும் அழுத்திப் பிடித்து ஏழாவதில் இடைவெளி பாருங்கள். விசிட்டிங் கார்டு இறுக்கமாக நுழைந்தால் போதும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்குமேல் ஒரே நாளில் வேண்டாம். டியூன் செய்யும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால் கழுத்து நுனியில் கம்பி உட்காரும் நட் பள்ளம் தடித்த கம்பிக்குப் பற்றவில்லை என்று அர்த்தம். பென்சில் கரியைத் தடவிப் பாருங்கள், கேட்காவிட்டால் அரம் வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள்.

நம்ம பக்கத்துக்கு இதில் ஒரு லாபம் உண்டு. அந்தக் கம்பி மோனல், நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். கப்பல் சாமான் செய்வதற்கே பயன்படுவது. தேவனாம்பட்டினம் உப்புக் காற்றுக்கு மற்ற கம்பியைவிடத் தாங்கும். துருப்பிடிப்பது கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் குட்டி ஆலன் ஸ்க்ரூக்கள்தான். ஐப்பசிக்கு முன்னால் ஆளுக்கொரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தையில் ஆலன் கீ வழுக்கும், தலை உருண்டுபோகும், துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

லாஸ்பேட்டை மிக்ஸர்

ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக் (பிரெஞ்சு இசைத் திருநாள்) அன்றைக்குத் தெருவில் மெய்டன் போடப் போகிறவர்களுக்கு. தெருவில் கேட்கிறவர்கள் "டிரம்மர் தாளம் விடுகிறார்" என்பார்கள். பெரும்பாலும் விடுவது டிரம்மர் இல்லை, எதிர்ச் சுவர்.

கணக்கு இதோ. 160 வேகத்தில் மேலே பேஸ்காரர் சொன்ன ஒரு மாத்திரை 94 மில்லி செகண்ட். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே 16, 17 மீட்டரில் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் சத்தம் போய்த் திரும்ப அதே அளவு நேரம் ஆகிறது. 'கி'யின் எதிரொலி சரியாக 'ட' மேல் வந்து விழும். 'தா'வின் இரண்டாம் பாதியில் இருக்க வேண்டிய காலி இடம் நிரம்பிவிடும், தாகிட மறுபடி கொழகொழ. வால்யூமை ஏற்றினால் சுவரும் சேர்ந்து ஏற்றும். ஸ்பீக்கரைத் தெருவுக்குக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் திருப்புங்கள், தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்து ஜனங்கள்மேல் அடிக்க வையுங்கள். ஆட்களின் உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சும், சுவர் உறிஞ்சாது. அப்படியும் சரிவராவிட்டால் வேகத்தை இறக்குங்கள், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

மூன்று கிட்டாரையும் நடுவில் குவித்தால் சாம்பார். ஒன்றை இடம், ஒன்றை வலம், ஒன்றை நடு. மூன்றிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அந்த இடம் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும். மெய்டன் பேஸ் என்றால் கம்பி ஃப்ரெட்டில் அடிபடுகிற 'கிளாங்' கேட்க வேண்டும். அது 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது, அங்கே ஏற்றுங்கள். அடியில் ஏற்றினால் உறுமும், வார்த்தை வராது. பாடகர் மைக்குக்கு ஸ்பாஞ்சு போடுங்கள், கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலக் காற்று 'ப்ஃப்' என்று அடிக்கும்.

ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து லைன் எடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு "ஹம் போயிடுச்சு" என்று சிரிக்கிறவரை மேடையில் ஏற்றாதீர்கள். அவருக்கு உதட்டில் ஷாக் அடிக்கும், மைக்கில்.

திருப்பாதிரிப்புலியூர்

மேடை என்று பேச்சு வந்ததால். மெய்டன் பெங்களூருக்கு வந்தது 2007 மார்ச் 17, பிறகு 2009 பிப்ரவரி 15. நடுவில் 2008 பிப்ரவரி 1 மும்பை. போயிங் 757 ஒன்றின் பின்பகுதியைச் சாமான் கட்டுக்கு மாற்றி, ஆட்களையும் கருவிகளையும் ஒரே விமானத்தில் ஏற்றிக்கொண்டு, பாடகரே ஓட்டிவந்த சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி அது. 'ஃப்ளைட் 666' மேடைப் பதிவின் முதல் பாட்டு மும்பையில் எடுத்ததுதான். கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள், தனியாகத் தெரியும்.

பெங்களூரில் எந்தப் பெரிய ராக் நிகழ்ச்சிக்குப் போனாலும் இங்கிருந்து கணக்கு ஒன்றுதான். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர். முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடலூர்க்காரர்கள் பண்ருட்டி, விழுப்புரம் வழியாகத் திருவண்ணாமலையில் சேர்ந்துகொள்ளலாம். முதல்நாள் ராத்திரி பஸ்தான் நல்லது, அன்று காலை கிளம்பினால் ஓசூர் தாண்டி மாட்டிக்கொள்வீர்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதனால் முதன்மைக் குழு எட்டு மணிக்குள் ஏறிவிடும். திரும்ப 11 மணி பஸ் போடாதீர்கள், மைதானத்தை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம். 12.30-க்கு மேல் பாருங்கள்.

மெய்டனுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஸ்பீக்கரில் யுஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' போட்டால் அடுத்து அவர்கள்தான். தண்ணி, கழிப்பறை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

நிற்கிற இடம்: முன்வரிசையில் பார்க்கலாம், கேட்க முடியாது. பாடகர் குரல் தலைக்கு மேலே போய்விடும். மைதான நடுவே சவுண்ட் என்ஜினியர் கூடாரம் இருக்கும், அதற்கு முன்னால் பத்தடி. அவர் எதைக் கேட்டு மிக்ஸ் செய்கிறாரோ அதுதான் உங்களுக்கும் வரும். காதுக்கு ஃபோம் அடைப்பான் கட்டாயம். விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா நுனியில் செருகினால் சிம்பல் மட்டும் அடைபடும், டிரம் அப்படியே வந்து இடிக்கும்.

மஞ்சக்குப்பம் பேஸ்

ஒன்று விட்டுப்போச்சு. டிரம்மர்கள் டபுள் பெடல் வாங்கட்டுமா என்று கேட்கிறார்கள். மெய்டனுக்கு வேண்டாம். மெய்டன் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயின் ஒற்றைப் பெடல்காரர், அதுவும் வெறுங்காலில். டபுள் பெடல் போட்டது 2003 ஆல்பத்தில் 'ஃபேஸ் இன் தி சாண்ட்' பாட்டுக்கு. 2024 டிசம்பரில் சாவோ பாலோவோடு சுற்றுப்பயணத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றார், இப்போது சைமன் டாசன் வாசிக்கிறார். வெறுங்காலில் பழகுகிறவர்களுக்கு நம்ம ஊர் ஜூனில் வரும் தொல்லை வேர்வை. பாதம் பெடலில் வழுக்கி முன்னால் போகும், 'ட' தவறும். பவுடர் போடாதீர்கள், வேர்வையில் குழைந்து பசையாகும். கிரிக்கெட் மட்டைக் கைப்பிடிக்குச் சுற்றுகிற ரப்பர் கிரிப்பை வெட்டி, பெடல் பலகையில் குதிகாலிலிருந்து பாதிவரை ஒட்டுங்கள். விரல் படும் இடத்தை வழவழப்பாகவே விடுங்கள், அங்கே கால் கொஞ்சம் நகர்ந்தால்தான் வேகம் வரும்.