கினிப்பன்றிக்கு எந்த பெல்லட்? மூன்று வீட்டார் பட்டுத் தெரிந்துகொண்டவை

எங்கள் பஞ்சுவுக்கு அப்போது இரண்டு வயது. காய்கறிப் பை சரசரத்தாலே கூண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று "வீக், வீக்" என்று கத்துவாள். ஒரு வாரமாக அந்தச் சத்தம் இல்லை. முடி பரட்டையாகி, மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். தூக்கும்போது பின்னங்காலில் விரல் பட்டதும் கீச்சிட்டாள். மூட்டு வீங்கியிருந்தது.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன பெல்லட் போடுகிறீர்கள்? எப்போது வாங்கினது?" என்றுதான். பெல்லட் என்றால் அரைத்து அழுத்திச் செய்த சின்னச் சின்னத் தீனித் துண்டுகள். வைட்டமின் சி பற்றாக்குறை, அதாவது ஸ்கர்வி. எனக்கு நம்பவே முடியவில்லை. பாக்கெட்டில் வைட்டமின் சி சேர்த்தது என்று கொட்டை எழுத்தில் இருந்ததே!

இருந்தது உண்மைதான். ஆனால் விலை குறைகிறது என்று பெரிய மூட்டையாக வாங்கியிருந்தேன். இரண்டே கினிப்பன்றிகள், ஐந்து மாதமாகியும் பாதிகூடத் தீரவில்லை. அதிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தேன். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் வைட்டமின் சியைச் சிதைத்துவிடும். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவிலிருந்துதான் வர வேண்டும். நான் கொடுத்த காயோ பெரும்பாலும் வெள்ளரிக்காய். அதில் இந்தச் சத்து சொற்பம்.

1907இலேயே நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டு எழுதிவிட்டார்கள். அவ்வளவு பழைய செய்தி என்னை வந்து சேர, பஞ்சுவின் கால் வீங்க வேண்டியிருந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலக்காமல் வாயிலேயே கொடுக்கச் சொன்னார் மருத்துவர். தண்ணீரில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். சில நாளில் நடமாடத் தொடங்கினாள். கம்பியைப் பிடித்து நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

இப்போது சின்ன பாக்கெட்தான். விலைக்கு முன்னால் தயாரித்த தேதியைப் பார்க்கிறேன். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. மூலப்பொருள் பட்டியலில் முதலில் டிமோத்தி புல் இருக்க வேண்டும், சோளமோ கோதுமையோ அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இருட்டு அலமாரியில் வைக்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் கிடையாது. உலர்புல் மட்டும் எந்நேரமும் இருக்கும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அதை மென்று தேய்த்தாக வேண்டும். அப்புறம் தினமும் ஒரு துண்டு சிவப்புக் குடைமிளகாய்.

*

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு. விதை, கலர் கலரான துண்டுகள் எல்லாம் கலந்த தீனியை வாங்கினோம். எங்கள் பயல் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, பழுப்பு நிற பெல்லட்டை அப்படியே கிண்ணத்தில் விட்டுவிடுவான். கிண்ணம் காலியாகவில்லையே, வயிறு நிறைந்துவிட்டது போல என்று நினைத்தோம். எடை போட்டுப் பார்த்தால் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். புதிய தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் பட்டினி கிடக்கும் பிடிவாதம் இவற்றுக்கு உண்டு. ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும். நாங்கள் பழைய தீனியில் ஒரு சிட்டிகை புதியதைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் மாற்றினோம். தினமும் காலையில் சமையல் தராசில் எடை.

இன்னொன்று: கைக்குக் கிடைக்கிறது என்று முயல் பெல்லட்டைப் போடாதீர்கள். முயலுக்கு வைட்டமின் சி உடலிலேயே உருவாகும், அதனால் பொதுவாக அதில் சேர்க்க மாட்டார்கள்.

*

நாங்கள் அல்ஃபால்ஃபா பெல்லட்டை (குதிரைமசால்தான்) குட்டியில் ஆரம்பித்து மூன்று வயது வரை நிறுத்தவே இல்லை. குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அது சரி. ஆறு மாதம் தாண்டினால் அதிலுள்ள கால்சியம் மிகுதி. ஒருநாள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிறுநீரோடு ரத்தம். எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவு கல் தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அந்தக் கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பெல்லட் வைக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.