காரம் போட்டா அது மிட்டாயா?

காவிரிக்கரையான் (கும்பகோணம்):
போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில நடந்தது. தங்கச்சி மாப்பிள்ளை டெக்சாஸ்லேர்ந்து ஒரு பை மெக்சிகோ மிட்டாய் கொண்டுவந்தார். தாளைப் பிரிச்சா, பழம்புளியைத் தட்டையா அமுக்கின மாதிரி ஒரு பட்டை. மேல உப்புக் கல்லு பளபளன்னு தெரியுது. வாயில போட்டேன். முதல்ல உப்பு, அப்புறம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. சரி, பரவாயில்லன்னு நெனைக்கிறப்ப நாக்கு ஓரத்துல சுரீர்னு மிளகாய். ஒரு சொம்பு தண்ணி குடிச்சும் அடங்கல. இன்னொண்ணு மாம்பழக் குச்சி மிட்டாய். சுத்தி செக்கச்செவேல்னு மிளகாய்த்தூள், அதை நக்கித் தீர்த்தாத்தான் இனிப்பு வரும். எதுக்குய்யா இந்தத் தண்டனை? இனிப்புன்னா திருவையாத்து அசோகா அல்வா மாதிரி வழுக்கிட்டு உள்ள போகணும். காரத்துக்குத்தான் பக்கத்துல மிக்சர் இருக்கே. ரெண்டையும் ஒண்ணாப் பிசையறது எனக்கு ஒப்பல.

மன்னை மைனர்:
அண்ணே, இலந்தவடையை மறந்துட்டீங்களா? இலந்தைப்பழத்தைக் கொட்டையோட இடிச்சு, வெல்லம், புளி, உப்பு, வரமிளகாய், பெருங்காயம் சேத்துத் தட்டி வெயில்ல காயவச்சது. ஸ்கூல் வாசல்ல நாலணாவுக்கு வாங்கி, கொட்டைத்தூள் பல்லுல நறநறன்னு அரைபட அரைபடத் தின்னோமே, அப்ப தண்டனையாத் தெரியலையா?

காவிரிக்கரையான்:
அது மிட்டாய் இல்ல தம்பி. பேர்லயே வடை.

மன்னை மைனர்:
அப்ப புளி மிட்டாய்? புளியில வெல்லம், சீரகம், மிளகாய் இடிச்சுப்போட்டு, குச்சியில உருட்டி, கண்ணாடித்தாள் சுத்தி விப்பாங்களே. அதுல பேர்லயே மிட்டாய் இருக்குண்ணே. நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில வித்தா தின்பண்டம், டெக்சாஸ்லேர்ந்து வந்தா தண்டனையா?

ஐயாத்து அக்கா:
மைனர் தம்பி, கொஞ்சம் நிதானம். காரமெல்லாம் ஒண்ணு கிடையாது. பஸ் ஸ்டாண்டுல விக்கிற இஞ்சி மரப்பாவும் காரம்தான், சுக்கு மிட்டாயும் காரம்தான். ஆனா அது தொண்டையில இறங்கி அடங்கிடும். மிளகாய் நாக்குலயே பாய் விரிச்சுப் படுத்துக்கும். இனிப்போட சேர்றதுக்கு இஞ்சி, மிளகுதான் சரி. நமக்கு மிளகாய் வந்ததே போர்த்துகீசியர் கப்பல் வந்த பிறகு. 1010ல பெரிய கோயிலைக் கட்டி முடிச்சவங்க மிளகாயைக் கண்ணால பாத்ததில்ல. மிளகு மாதிரி காரமா ஒரு காய் வந்ததால அதுக்கு மிளகாய்னு பேர்.

அலையாத்திக்காடு (நாகப்பட்டினம்):
அக்கா சொன்னது பாதிக் கதை. மறுபாதியைக் கேளுங்க. மெக்சிகோக்காரனுக்கு மிளகாய் சொந்த ஊர்ச் சரக்கு. புளிதான் வெளியூர்ச் சரக்கு, ஸ்பானியர் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவங்க அதைத் 'தமரிந்தோ'ன்னு சொல்றாங்க. அரபியில 'தமர் ஹிந்தி'ன்னு இருந்த பேர், அதாவது இந்தியப் பேரீச்சை. (புளியமரத்தோட பூர்வீகம் ஆப்பிரிக்கான்னு சொல்வாங்க, அது தனிப் பஞ்சாயத்து.) ஆக, அவன் மிளகாய் நம்ம சாம்பாருக்கு வந்துச்சு, நம்ம பேர் சொல்ற புளி அவன் மிட்டாய்க்குப் போச்சு. நான் ஹூஸ்டன்ல நாலு வருஷம் இருந்தேன். அங்க மாங்காய்த் துண்டு மேல மிளகாய், உப்பு, எலுமிச்சை கலந்த தூளைத் தூவிக் குடுப்பாங்க. கண்ணை மூடிட்டுத் தின்னா வேளாங்கண்ணி பீச்சுல நிக்கிற மாதிரியே இருக்கும்.

ஐயாத்து அக்கா:
மாங்காய் காய் தம்பி. காய்க்கு உப்பு காரம் போடறதை நான் எங்க வேணாம்னேன்?

மருந்துக்கடை (திருவாரூர்):
மிளகாய்க் காரம் ருசியே கிடையாதுங்க. அதுல இருக்கிற கேப்சைசின், சூட்டை உணர்ற நரம்புல போய் ஒட்டிக்கும். உடம்பு 'நாக்கு சுடுது'ன்னு ஏமாந்துபோகும். அந்த உணர்வியை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு 1997ல கண்டுபிடிச்சாங்க, 2021ல அவருக்கு நோபல் கிடைச்சுது. கும்பகோணத்து அண்ணன் தண்ணி குடிச்சது வீண். கேப்சைசின் தண்ணியில கரையாது. பாலோ தயிரோ குடிச்சிருக்கணும்.

ஆனா எனக்குக் கவலை காரம் இல்ல, ஈயம். மெக்சிகோவிலேர்ந்து வந்த சில மிளகாய் மிட்டாய்கள்ல ஈயம் இருந்தது தெரிஞ்சு, குழந்தைங்க அடிக்கடி தின்ற மிட்டாய்ல 0.1 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 0.1 பங்கு) மேல கூடாதுன்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006ல வழிகாட்டுதல் விட்டுது. மிளகாயைக் கழுவாம மண்ணோட அரைச்சா இந்த வம்பு வரும்.

மன்னை மைனர்:
அப்படிப் பாத்தா நம்ம பெட்டிக்கடை பாட்டில்ல லேபிளே கிடையாதேண்ணே.

மருந்துக்கடை:
அதையும் சேத்துத்தான் சொல்றேன். என் பையனுக்கு ரெண்டும் கிடையாது.

மன்னை மைனர்:
பாவம் அந்தப் புள்ள.

காவிரிக்கரையான்:
சரி, இலந்தவடை விஷயத்துல பாதி ஒத்துக்கறேன். புளியோட சேந்து வர்ற காரம் பழகின காரம்தான், புதுத் தாள்ல வந்ததால மிரண்டுட்டேன். மாம்பழக் குச்சியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். பழுத்த பழத்துக்கு மேல மிளகாய்த்தூள் அப்புறது அநியாயம். அக்கா கட்சிதான் நான்.

மீதிப் பட்டை என்னாச்சுன்னு கேளுங்க. நேத்து அம்மா வத்தக்குழம்பு வைக்கிறப்ப புளி பத்தல. அந்தப் பட்டையில நாலை எடுத்துக் கரைச்சு ஊத்திட்டாங்க. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியாது. 'அமெரிக்காவுல இந்த ருசி எங்க கிடைக்குது'ன்னு ரெண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐயாத்து அக்கா:
சர்க்கரை தூக்கலாத் தெரியலையா?

காவிரிக்கரையான்:
வழக்கமாப் போடற வெல்லத்தை நிறுத்திட்டாங்களாம்.