புதுப்பிப்பு: பெர்லினிலிருந்து கடற்கரைக்குப் போய் வந்துவிட்டோம்

தேர்வு நெருக்கடிக்கு நடுவே, நாலு பேர் செலவில்லாமல் போக ஒரு கடற்கரை சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்ன, வட ஜெர்மனியின் பால்டிக் கடலோர ஊரான வார்னமுண்டேவுக்கே ஜூலை முதல் வாரம் போனோம்.

செமஸ்டர் கட்டணத்தோடு வரும் டிக்கெட்டே போதுமானதாக இருந்தது. வேக ரயிலில் மட்டும் அது செல்லாது. சாதாரண ரயிலில் ரோஸ்டாக் நகரம், அங்கிருந்து இருபது நிமிடத்தில் கடல்.

"ஷ்ட்ராண்ட்கோர்ப் எடுங்கள்" என்று எழுதியவருக்குத் தனியாக ஒரு நன்றி. கூரை போட்ட பிரம்பு இருக்கை அது. 1882இல் ரோஸ்டாக்கில் ஒரு கூடை பின்னுபவர், வாத நோயால் அவதிப்பட்ட பெண்மணிக்காகச் செய்து கொடுத்ததாம். பால்டிக் காற்றில் அரை மணி நேரம் நின்றாலே அந்த அம்மாவின் அருமை புரிந்துவிடும்! இருவர் இருக்கையில் நாங்கள் நால்வரும் முறை போட்டுத் தூங்கினோம். புத்தகம் கொண்டுபோயிருந்தோம். சரி, அதை விடுங்கள்.

தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, வாயில் பட்டால் மெரினா ஞாபகமே வராது. குளிர் மட்டும் எலும்பு வரை போகும். கணுக்காலோடு நான் திரும்பிவிட்டேன்.

ஹெர்ரிங் மீன் வைத்த பன் வாங்கினேன். இரண்டாவது கடிக்குள் கடற்காகம் பறித்துக்கொண்டு போய்விட்டது. அதை யாருமே எச்சரிக்கவில்லையே!

ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருந்தது. சூரியன் மறைவதைப் பார்க்க நின்று கடைசி ரயிலைத் தவறவிட்டோம். அப்புறம் ரோஸ்டாக் நிலையத்தில் விடியும்வரை சீட்டுக்கட்டு.