மனைவியின் இந்தியச் சம்பளமும் ஐ-864 படிவமும்: எதை, எங்கே காட்ட வேண்டும்?

பாலாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி நியூ ஜெர்சியில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இங்கேயே படித்து, இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறார். பிறப்பால் வந்த அமெரிக்கக் குடியுரிமையும், குழந்தைப் பருவத்திலேயே வாங்கிய சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அவருக்கு உண்டு. நான் அமெரிக்காவில் குடியேறுவதற்காக அவர் தாக்கல் செய்த ஐ-130 என்ற உறவினர் மனு ஏற்கப்பட்டு, கோப்பு விசா ஆவணங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்கு வந்துவிட்டது. அடுத்து, என்னைப் பராமரிப்பதாக உறுதியளிக்கும் ஐ-864 படிவத்தில் அவர் கையொப்பமிட வேண்டும்.

அவருடைய ஆண்டுச் சம்பளம் 24 லட்சம் ரூபாய். இந்தியாவில் வரி பிடித்தம் செய்யப்பட்டு, ஆண்டுதோறும் ரிட்டர்னும் தாக்கலாகிறது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை. அங்கே ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவருக்கு அப்படியொரு கடமை இருப்பதாக அவர் வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. "ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தேவையில்லாதவர் என்று ஒரு கடிதம் வைத்துவிடுங்கள், வெளிநாட்டுச் சம்பளத்தைக் காட்டப் போனால் வீண் சிக்கல்" என்கிறார் விசா ஆலோசகர் ஒருவர். அப்படிக் கையொப்பமிட என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. சம்பளம் டாலரில் 28,000-ஐ ஒட்டி வருவதால், அதையே வருமானமாகக் காட்டினால் போதாதா?

வரிக்கணக்கு:

உங்கள் மனைவியின் தயக்கம் மிகச் சரியானது. அமெரிக்கக் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அந்த வருமானத்தை அமெரிக்க ரிட்டர்னில் காட்ட வேண்டும். 2024-ஆம் ஆண்டுக்கு, திருமணமாகாத ஒருவரின் மொத்த வருமானம் 14,600 டாலரை எட்டினாலே ரிட்டர்ன் தாக்கல் கட்டாயம். திருமணமாகித் தனியாகத் தாக்கல் செய்பவருக்கு அந்த வரம்பு வெறும் 5 டாலர்தான். 24 லட்சம் சம்பளம் வாங்குபவர், தாக்கல் செய்யத் தேவையில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய். ஐ-864 படிவமோ, பொய்யுரைத்தால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ் கையொப்பமிடப்படுவது. தாக்கல் செய்திருக்க வேண்டியவர் செய்யாதிருந்தால், முதலில் அதைச் செய்துவிட்டு நகலை இணைக்க வேண்டும் என்பதே அந்தப் படிவத்தின் விதி.

காட்டுவதால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று அஞ்ச வேண்டாம். படிவம் 2555 மூலம் 2024-ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரையிலான வெளிநாட்டு உழைப்பு வருமானத்தை விலக்கிக்கொள்ளலாம். அல்லது படிவம் 1116 மூலம் இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வைப்புத்தொகை வட்டி உழைப்பு வருமானம் ஆகாது என்பதால் முதல் வழியில் அதற்கு விலக்கு கிடையாது. அதோடு, விலக்கிய தொகை ரிட்டர்னின் 'மொத்த வருமானம்' என்ற கட்டத்துக்கு முன்பே கழிக்கப்பட்டுவிடும். ஐ-864 கேட்பது அந்தக் கட்டத்தில் உள்ள தொகையைத்தான். ஆகவே 2555-ஐத் தேர்ந்தால் சம்பளம் முழுவதும் காட்டப்பட்டிருந்தும் அங்கே பூஜ்யமோ சிறு தொகையோ நிற்கும். 1116-இல் சம்பளம் அப்படியே தெரியும். 2555-ஐத் தேர்ந்தால் அந்தப் படிவத்தின் நகலையும் சேர்த்தே அனுப்புங்கள்.

விடுபட்ட ஆண்டுகளுக்கு, வேண்டுமென்றே தவிர்க்காதவர்களுக்கான 'ஸ்ட்ரீம்லைன்டு' நடைமுறை உள்ளது: கடைசி 3 ஆண்டுகளின் ரிட்டர்ன்கள், 6 ஆண்டுகளின் எஃப்பிஏஆர் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகள், நடந்ததை விளக்கும் படிவம் 14653. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இதில் அபராதம் இல்லை. ஆனால் வரித்துறை தானாக விசாரணையைத் தொடங்கிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். எஃப்பிஏஆருக்கு எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் அதிகபட்ச இருப்புகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டின் எந்த நாளிலேனும் அந்தக் கூட்டுத்தொகை 10,000 டாலரைத் தாண்டினால் அறிக்கை தேவை. தாயாரின் கணக்கில் உங்கள் மனைவியின் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் அதுவும் சேரும்.

ஆடிட்டரிடம் போகும்போது, நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐ மட்டும் கொண்டு போகாதீர்கள். அது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு. அமெரிக்க ரிட்டர்னோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. மாதாந்திரச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்து, காலண்டர் ஆண்டுக்கு மறுபடியும் கூட்டித்தான் எழுத வேண்டும்.

நீலமலை:

வரி பற்றி மேலே எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஐ-864-இல் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சருக்கான கணக்கு வேறு. பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். 2025-ஆம் ஆண்டு அட்டவணைப்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு, வறுமைக்கோட்டின் 125 விழுக்காடான 26,437 டாலர் தேவை. உங்கள் மனைவியின் சம்பளம் அதைத் தாண்டுவது போலத் தோன்றினாலும், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த வருமானம் தொடர்ந்தால்தான் அது கணக்கில் வரும். சென்னை வேலையை விட்டுவிட்டுப் போவதானால் அந்த 28,000 டாலர் இதற்கு உதவாது. அதே நிறுவனம் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றுவதாகவோ, அங்கிருந்தபடியே பணியைத் தொடர அனுமதிப்பதாகவோ, சம்பளத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தால் நிலைமை மாறும்.

அவர் அமெரிக்காவில் குடியிருப்பவர் என்றோ, நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குள் அங்கே குடியேறிவிடுவார் என்றோ காட்டுவதும் அவசியம். வேலைக்கான அழைப்பு, வீட்டு வாடகை ஒப்பந்தம், அமெரிக்க வங்கிக் கணக்கு போன்றவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. அந்தக் கடிதத்தை வைக்கப்போவதில்லை. இட மாற்றத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா என்பது தெரியவில்லை. என் பெயரில் வைப்புத்தொகை இருக்கிறது. என் மனைவியின் மாமா, தம் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் டெக்சாஸில் இருக்கிறார், கையொப்பமிடவும் முன்வருகிறார். இவற்றில் எது பயன்படும்?

நீலமலை:

இரண்டுமே பயன்படும். அமெரிக்கக் குடிமகனின் கணவர் என்பதால், பற்றாக்குறைத் தொகையின் மூன்று மடங்கு மதிப்புள்ள சொத்து இருந்தால் போதும். விண்ணப்பதாரராகிய உங்கள் சொத்தும் அதில் சேரும். வருமானம் பூஜ்யமென்று கொண்டால் 79,311 டாலர் தேவை, ரூபாயில் அது அறுபது லட்சத்தைத் தாண்டும். ஓராண்டுக்குள் பணமாக்கி நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக்கூடிய சொத்தாக இருக்க வேண்டும் என்பதால், பங்காளிகளோடு பொதுவில் இருக்கும் நிலத்தைவிட வங்கி வைப்புத்தொகையே மேல். பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை இணையுங்கள்.

மாமா கூட்டு ஸ்பான்சராக வந்தால், அவர் குடும்பத்தினர் நால்வரோடு உங்களையும் சேர்த்து ஐவராகக் கணக்கிட்டு 47,062 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அப்போதும் உங்கள் மனைவி தம் ஐ-864 படிவத்தைத் தனியே நிரப்பி, ரிட்டர்ன் நகலும் குடியிருப்புச் சான்றும் கொடுத்தே ஆக வேண்டும். மாமாவிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: நீங்கள் குடியுரிமை பெறும் வரையிலோ, 40 காலாண்டு உழைப்பு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் சேரும் வரையிலோ அந்தப் பொறுப்பு அவரை விடாது, விவாகரத்தானாலும் முடியாது. வீட்டாரோடு கலந்து பேசிவிட்டு அவர் கையொப்பமிடட்டும்.

வரிக்கணக்கு:

வரிசை பற்றி ஒரு குறிப்பு. முதலில் ரிட்டர்ன்களை அனுப்பிவிட்டு, அதன் பிறகே ஐ-864-ஐச் சமர்ப்பியுங்கள். ஸ்ட்ரீம்லைன்டு ரிட்டர்ன்களைக் காகிதத்தில் அச்சிட்டு, நடைமுறையின் பெயரை மேலே சிவப்பு மையில் எழுதி அஞ்சலில் அனுப்ப வேண்டியிருப்பதால், அவை வரித்துறையின் பதிவில் ஏற நாளாகும். அதுவரை கையொப்பமிட்ட நகலும் அஞ்சல் ரசீதும் கையில் இருக்கட்டும். உங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால், தனியாகத் தாக்கல் செய்யும் அவருடைய ரிட்டர்னில் கணவரின் எண்ணுக்கான இடத்தில் 'என்ஆர்ஏ' (அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்) என்று எழுதினால் போதும்.