நிகராகுவா, ஹோண்டுராஸ் ஆர்டர் திருப்பூருக்குத் திரும்புமா?

பனியன்_கணக்கு:
அமெரிக்க பையருங்க பேசிக் டி-ஷர்ட்டை ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கம் தள்ளறாங்க. ரெண்டு ஊர்லயும் இடதுசாரி ஆட்சி வந்துச்சு. அமெரிக்கா கோவத்துல வரிச்சலுகையைப் புடுங்கீட்டா ஆர்டர் நம்ம பக்கம் வருமுங்களா?

நொய்யல்கரை:
அதை நம்பி ரேட் போடாதீங்க. காஃப்டாங்கற அமெரிக்கா–மத்திய அமெரிக்க நாடுகளோட வரிச்சலுகை ஒப்பந்தத்துல நூல், துணி, தையல் மூணும் அமெரிக்காவுலயோ உறுப்பு நாட்டுலயோ நடந்தாத்தான் வரி பூஜ்யம். தையல் நூலுகூட அங்கத்ததா இருக்கோணும். வெளி நூல் எடையில 10 சதம் வரைக்கும் கலக்கலாம். லைக்ராவுக்கு அந்த விலக்கு கிடையாது. அப்ப ஹோண்டுராஸ் பனியன்ல ஓடறது பெரும்பாலும் அமெரிக்கப் பருத்தி, அமெரிக்க மில் நூல். சலுகையை வெட்டுனா முதல் அடி அமெரிக்காவோட கரோலினா நூல் மில்லுக்கு.

நிகராகுவாவையே பாருங்க. இடதுசாரி ஒர்தேகா 2007-ல திரும்ப அதிபரா வந்தார். 2018 போராட்டத்தை ஒடுக்குன பிறகு ஆட்சி ஆளுங்க மேல தடை, விசா மறுப்பு, 2022-ல சர்க்கரை கோட்டாவும் போச்சு. காஃப்டாவுல கை வைக்கல. வெளிநாட்டுத் துணியில தைச்சாலும் சலுகை தந்த 10 கோடி சதுர மீட்டர் கோட்டா 2014 கடைசியில முடிஞ்சது, ஆனா அது காலாவதி, தண்டனை இல்லீங்க.

அவிநாசி_ரோடு:
அண்ணா சொல்றது 2024 வரைக்கும் சரி. 2025-ல வரியே சாட்டையாயிருச்சு. நாடுகடத்தல் விமானத்தைத் திருப்பி அனுப்புனதுக்குக் கொலம்பியாவுக்கு 25 சத மிரட்டல். கொலம்பிய அதிபர் பெட்ரோ அன்னைக்கே இறங்கி வந்தார். முன்னாள் அதிபர் பொல்சொனாரோ மேல நடந்த வழக்கைச் சொல்லி பிரேசிலுக்கு மொத்தம் 50 சதம் போட்டாங்க. அதுலயும் ஆரஞ்சு ஜூஸுக்கு விலக்கு, அவங்க காலை டேபிள் ஆச்சே!

ஆனா கொள்கையை மட்டும் வெச்சு அளக்க முடியாதுங்க. தைவானை விட்டு 2023-ல சீனா பக்கம் போன, அப்ப அதிபரா இருந்த இடதுசாரி சியோமாரா காஸ்ட்ரோவோட ஹோண்டுராஸுக்கும், வலதுசாரி அதிபர் புகேலேவோட எல் சால்வடாருக்கும் ஏப்ரல் 2025-ல அறிவிச்ச கூடுதல் வரி ஒரே 10 சதம்தான். நிகராகுவாவுக்கு 18. இதுல எதுலயும் சேராத நமக்கு 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து 50 போட்டாங்க, அதுவும் காட்டன் டி-ஷர்ட்டோட அடிப்படை வரி 16.5-க்கு மேல.

பனியன்_கணக்கு:
சரிங்ண்ணா, நம்ம மில் நூலையே ஹோண்டுராஸுக்கு அனுப்புனா?

நொய்யல்கரை:
அனுப்பலாம், ஆனா 10 சதத்தைத் தாண்டுனா அந்தச் சட்டை சலுகையை இழந்துரும். ஒப்பந்த நாடுகள்ல போதுமான அளவு கிடைக்காததுன்னு பற்றாக்குறைப் பட்டியல்ல சேர்த்த நூலுக்கு மட்டும் விலக்கு. சாதா காட்டன் நூலை அதுல எதிர்பார்க்காதீங்க. பேசிக்ல மோதறதை விட்டுட்டு, பல கலர் பிரிண்ட், எம்பிராய்டரி, சின்ன லாட்னு போங்க. பாலியஸ்டர் டி-ஷர்ட்டுன்னா அடிப்படை வரியே 32 சதம், அங்க சலுகை இருக்கற அவங்களுக்கு இன்னும் பெரிய சாதகம்.