அப்பா நோயில்பூசுதல் கேட்கிறார், அப்பாயி பயப்படுகிறார்: என்ன செய்யலாம்?

ஊர் திருச்சி, கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு 61 வயது, பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் நிலை. ஜூனில் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ, ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தால் விரல்கள் மரத்துப்போகின்றன, வெள்ளையணு குறைந்திருப்பதால் கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்கிறார் டாக்டர்.

பங்குத்தந்தை நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருகிறார், அது சரி. ஆனால் அப்பா கேட்பது நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம். அது சாகப்போகிறவருக்குக் கொடுப்பது என்றே அப்பாயி நம்புகிறார். பேச்செடுத்தாலே, என் பிள்ளையை வழியனுப்பப் பார்க்கிறீர்களா என்று அழுகிறார். கடும் நோயில் இருக்கும் யாரும் பெறலாம், குணமாகி மறுபடி நோய் வந்தால் திரும்பவும் பெறலாம் என்று சாமியாரே உட்கார்ந்து சொல்லிப்பார்த்தார், அப்பாயியோ வேளாங்கண்ணிக் கோயில் எண்ணெய் போதும் என்றுவிட்டார். அவருக்குத் தெரியாமல் செய்ய அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும்தான்.

அடுத்த கீமோ வரும் திங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்தப் பயத்திலிருந்து எப்படி வெளியே கொண்டுவந்தீர்கள்?